சொல்லின் பிறப்பும் பொருளின் வளர்ச்சியும்



மருத்துவத்திலும் அறிவியலிலும் நாம் வழங்கும் சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். பெயரிட்டவர்கள் பலர் பொருளை முற்றும் அறிந்த பின்னர்ப் பெயரிடவில்லை. அன்று கண்டதையும் அன்று நம்பியதையும் கொண்டே பெயரிட்டனர். பின்னர் அறிவு வளர்ந்தது. பெயரோ நின்ற இடத்திலேயே நின்றது. கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவோரும், அவற்றை மக்களிடம் கொண்டு செல்லும் அலுவலரும் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நம்பிக்கையில் பிறந்த பெயர்கள்

மலேரியா என்பது இத்தாலிய மொழிச் சொல். 'கெட்ட காற்று' என்பது அதன் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான், நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் உடலில் கண்டார். காற்றின் மீதிருந்த பழி நீங்கிற்று, பெயர் நீங்கவில்லை. தமிழில் வழங்கிய 'முறைக்காய்ச்சல்' என்ற பெயரோ காரணம் எதனையும் கூறவில்லை. காய்ச்சல் முறை வைத்து வருவதை மட்டுமே கூறிற்று. ஆதலால் அது பொய்க்கவில்லை.

ஆக்சிஜன் மற்றோர் எடுத்துக்காட்டு. அமிலங்கள் அனைத்திற்கும் இவ்வாயுவே அடிப்படை எனக் கருதிய லாவாசியே, 'அமிலத்தை ஆக்குவது' என்று பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயர் அமைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது ஹம்ப்ரி டேவியின் ஆய்வுகளால் பின்னர்த் தெளிவாயிற்று. ஜெர்மானியர் அப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். பிழையும் உடன் பெயர்ந்தது. 'பிராணவாயு' என்றும் 'உயிர்வளி' என்றும் வழங்கிய நாமோ, சொல்லைப் பெயர்க்காமல் அவ்வாயுவின் பயனைப் பெயராக்கினோம்.

கண்டதில் பிறந்த பெயர்கள்

1796-இல் எட்வர்டு ஜென்னர், பசு அம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் குத்திப் பெரியம்மையைத் தடுக்க வழிகண்டார். பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வாக்சின் என்ற பெயர் பிறந்தது. பிற்காலத்தில் பாஸ்டர், ஜென்னரைப் போற்றும் வகையில், எல்லாத் தடுப்பு மருந்துகளுக்கும் அப்பெயரை விரித்தார். நாம் பசுவை விட்டுப் பயனைப் பற்றித் 'தடுப்பூசி' என்றோம். எனினும் நம் சொல்லிலும் ஊசி ஒட்டிக்கொண்டது. போலியோ மருந்தை வாய்வழி புகட்டியபோது, மக்கள் அதனைச் 'சொட்டு மருந்து' என்றே அழைத்தனர். அச்சொல்லே சிற்றூர்தோறும் சென்று சேர்ந்தது.

'நீரிழிவு' பழந்தமிழ் மருத்துவம் தந்த சொல். டயபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லும் உடலின் வழியே நீர் ஊடுருவிச் செல்வதையே குறிக்கும். வடமொழியின் 'மதுமேகம்' சிறுநீரின் இனிமையைக் குறிக்கும். மூன்று மொழியினரும் கண்டவை நோயின் அறிகுறிகளே. காரணம் இன்சுலினோடு தொடர்புடையது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. 'சர்க்கரை நோய்' என்று இன்று பேச்சில் வழங்குகிறோம். பெயரைக் கேட்டு, சர்க்கரையை நீக்கினால் நோயும் நீங்கும் எனக் கருதி மருந்தை நிறுத்துவோர்க்கு விளையும் தீங்கு பெரிது. பெயரைக் கூறுமிடத்து விளக்கத்தையும் கூறுதல் கடமையாகும்.

புண்படுத்தும் பெயர்கள்

லெப்ரசி என்ற பெயர் செதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பண்டைக் காலத்தில் தோல்நோய் பலவற்றிற்கும் அப்பெயர் பொதுவாக இருந்தது. எல்லாவற்றின் இழிவும் ஒரு நோயின் மேல் விழுந்தது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டார். கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று அது முற்றிலும் குணமாகும். எனினும், நோயாளரைத் தனிமைப்படுத்த 1898-இல் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நோய் தீர்ந்த பின்னரும் ஒருவரை நோயின் பெயராலேயே சுட்டுவது, தீர்ந்த தண்டனையைத் தொடர்வதற்கு ஒப்பாகும். 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்று கோப்பில் எழுதச் சற்றே கூடுதலான மை போதும்.

நாம் கொள்ள வேண்டுவன

1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் அமைத்தனர். 1961-இல் மத்திய அரசு கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. பணி இன்னும் முடியவில்லை. புதிய மருந்தும் புதிய நோயும் புதிய சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சொல்லாக்குவோர் வேர்ச்சொல்லை அறிதல் நன்று. ஆயின் அதனையே பெயர்த்து வைத்தல் போதாது. அச்சொல் இன்று குறிக்கும் பொருளை விளக்குகிறதா, கேட்பவர் செய்ய வேண்டுவதை உணர்த்துகிறதா, யாரையும் புண்படுத்தாதிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனைச் சீட்டிலுள்ள சொல் நோயாளிக்கு விளங்கினால்தான் மருந்தும் முறையாக உட்கொள்ளப்படும்.