வீட்டுச் சுவருக்கு எந்தச் சாயம்?

தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் பூசும் வேலையும் வந்துவிடும். "தண்ணீர்ச் சாயமா, எண்ணெய்ச் சாயமா?" என்று கடைக்காரர் கேட்பார். விலையையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து விடை சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லிப் பட்டவன் நான்.

சொந்த வீடு கட்டிய ஆண்டு அது. சுவருக்குச் சிமெண்டு பூசி இரண்டு வாரமே ஆகியிருந்தது. பண்டிகை அவசரத்தில் வெளிச்சுவர் முழுவதும் எண்ணெய்ச் சாயம் அடித்தேன். சில மாதங்களில் சாயம் பிசுபிசுத்து, கொப்புளித்து உரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சுவரோடு போயிற்று.

காரணம் என்ன? புதுச் சிமெண்டில் காரம் உண்டு. ஈரத்தில் காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகிவிடும். என் சுவரில் நடந்ததும் அதுவே. மேலும், எண்ணெய்ச் சாயம் சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். தண்ணீர்ச் சாயமோ அந்த ஈரம் ஆவியாக வெளியேற வழிவிடும். ஆகவே சிமெண்டுச் சுவருக்கு வெளிப்புறத் தண்ணீர்ச் சாயமே ஏற்றது. அதையும் சுவர் நான்கு வாரமாவது காய்ந்த பிறகே பூசவேண்டும்.

இந்தச் சாயத்துக்கு 'லேடெக்ஸ்' என்றும் பெயர். நாம் வெட்டும் ரப்பர் பாலுக்கும் அதே பெயர்தான். ஆனால் சாயத்தில் இருப்பது மரத்துப் பால் அன்று. நீரில் பால்போல் கலந்திருக்கும் செயற்கைப் பிசின். நீர் வற்றியதும் அது மெல்லிய தோலாகப் படியும். அந்தத் தோல் சற்றே நெகிழும். மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் பலகைச் சுவருக்கும் அது பொருந்தும். எண்ணெய்ச் சாயம் நாளடைவில் இறுகி வெடித்துவிடும்.

அப்படியானால் எண்ணெய்ச் சாயம் எதற்கு? ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு ஆகியவற்றுக்கு. முதலில் துருத் தடுப்புச் சாயம், அதன்மேல் எண்ணெய்ச் சாயம்.

பழைய சுவரில் இருப்பது எது என்று தெரியவில்லையா? மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேயுங்கள். துணியில் ஒட்டி வந்தால் தண்ணீர்ச் சாயம். வராவிட்டால் எண்ணெய்ச் சாயம். எண்ணெய்ச் சாயத்தின்மேல் தண்ணீர்ச் சாயம் பூசுமுன், மணல்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்குங்கள்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அதன் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே சுவரை நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். உதிர்ந்ததை அள்ளிக் கட்டி எறியுங்கள்.

பண்டிகைக்காகச் சுவரை அவசரப்படுத்தாதீர்கள். காயாத சுவர் அடுத்த ஆண்டுவரை காத்திருந்தாலும் குறைவில்லை.