ஈகையும் விழிப்பும்



பிரிட்டனின் நீண்ட குளிரிரவுகளில் சிறு பறவைகள் உடற்கொழுப்பை எரித்தே உயிர் தாங்குகின்றன. அதனால் அந்நாட்டார் தம் தோட்டங்களில் விதைகளைத் தொங்கவிடுகின்றனர். நீர்நிலைகள் உறையும்போது புதுநீர் வைக்கின்றனர். அவ்வருட்செயலிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 2005 முதல் டிரைக்கோமோனோசிஸ் என்னும் தொண்டைநோய் கிரீன்ஃபின்ச் குருவிகளிடையே பரவிற்று. நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட தீனியும் நீரும் பிறவற்றுக்கு நோய் தந்தன. 2021இல் அவ்வினம் அந்நாட்டின் அழிவபாயச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது.

தீனிக்கலத்தை வாரந்தோறும் கழுவி உலர்த்துதல், நாள்தோறும் நீர் மாற்றுதல், நோயுற்ற பறவையைக் கண்டால் தீனியை நிறுத்துதல் ஆகியவையே காப்பு. நற்காட்சியோடு நன்ஞானமும் நல்லொழுக்கமும் கூடினாலன்றி வீடுபேறில்லை. விழிப்போடு கூடாத ஈகையும் கொல்லாமை ஆகாது. இல்லந்தோறும் மாடியில் பறவைக்கு வைக்கும் நீர்க்கலம் நாளும் கழுவப்படுவதாக!