எல்லை கடந்த மாணவர்: இத்சிங்கை முன்வைத்து

வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க வேண்டுமென்று தம் சொத்தை எழுதிவைத்த பெரியவரின் நினைவு அறக்கட்டளையில் பேச அழைத்ததற்கு நன்றி.

பொருளுக்கு வருகிறேன். என் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. உங்களில் பலர் அறிந்ததுதான். சீனத்திலிருந்து வந்த பௌத்தத் துறவிகள் புனிதத் தலங்களை வணங்க வந்தவர்கள், வந்த இடத்தில் படிக்கவும் செய்தார்கள் என்பது அவர்கள் கட்சி. யுவான் சுவாங்கின் குறிப்பை வைத்துக்கொண்டு தொல்லியலாளர் கன்னிங்காம் தலங்களைத் தேடிய நாள் முதல், இத்துறவிகளின் நூல்களை நாம் வழி கேட்கவே திறக்கிறோம். எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்தத் தூண் என்று பார்க்கிறோம். வந்தவர் எங்கே தங்கினார், யாரிடம் மொழி கற்றார், யார் சோறு போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. தலத்தை வணங்கச் சில நாட்கள் போதும். படிப்புக்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைத் தாங்கிய ஏற்பாடே நம் முதல் ஆய்வுப்பொருள் என்பது என் கட்சி.

சீனத் துறவி இத்சிங்கை எடுத்துக்கொள்வோம். 635இல் பிறந்தவர். உடன் வருவதாகச் சொன்ன தோழர்கள் ஒவ்வொருவராக விலகிவிட, 671இல் ஓர் இளம் சீடரோடு குவாங்சோவில் பாரசீகக் கப்பல் ஏறினார். இருபது நாளுக்குள் சுமத்திராவின் ஸ்ரீவிஜயம். புத்தகயைக்கு ஏங்கிய யாத்திரிகர் அடுத்த கப்பலைத்தானே தேடியிருப்பார்? இவர் ஆறு மாதம் அங்கேயே தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். சீடர் நோயுற்றுத் திரும்பினார், இவர் தனியானார். மலாயு, கடாரம் வழியாக 673இல் வங்கக் கடற்கரையின் தாம்ரலிப்தியில் இறங்கினார். அங்கேயும் தலத்துக்கு ஓடவில்லை. முன்பே வந்து பல்லாண்டு அங்கு வாழ்ந்திருந்த இன்னொரு சீனத் துறவியோடு தங்கி, ஏறத்தாழ ஓராண்டு மொழி பயின்றார். அதன் பிறகே உள்நாட்டுப் பயணம்.

அந்த வழியில் நோயால் கால் தளர்ந்து, வணிகர் கூட்டத்துக்குப் பின்தங்கிவிட்டார். கள்வர் உடுத்த துணியையும் உருவிக்கொண்டு போனார்கள். வெளுத்த நிறத்தவரைப் பிடித்துப் பலியிடுவார்கள் என்று கேட்டிருந்ததால், சேற்றில் இறங்கி உடம்பெல்லாம் பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு, கோலூன்றி நடந்து இரவில் தோழர்களை எட்டினார். புத்தகயையில், தம் ஊரார் கொடுத்தனுப்பிய பட்டுத்துணியைப் புத்தர் திருவுருவின் அளவுக்கே ஆடையாக்கிச் சாத்தினார். அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலங்களைச் சுற்றி வணங்கியபின் நாளந்தாவில் அவர் இருந்தது ஏறத்தாழ பத்து ஆண்டு! நாட்டுப் பிள்ளைகள் எந்த வயதில் பாணினியைத் தொடங்குகிறார்கள், காசிகா விருத்தியை எப்போது படிக்கிறார்கள், துறவிகள் எப்படி உண்கிறார்கள், எப்படிக் குளிக்கிறார்கள் என்றெல்லாம் ஒரு நூலில் எழுதிவைத்தவர் அவர். விடுதியில் வாழ்ந்த மாணவனுக்கே இவை கண்ணில் படும்.

திரும்பும்போது ஏறத்தாழ நானூறு நூல்களோடு மீண்டும் ஸ்ரீவிஜயத்தில் தங்கினார். தாளும் மையும் போதவில்லை. 689இல் அவற்றைக் கேட்டுக் கடிதம் அனுப்பக் கப்பலில் ஏறியபோது காற்று வாய்த்துவிட, வணிகர் பாய் விரித்தார். கடிதத்தோடு அவரும் குவாங்சோ போய்ச் சேர்ந்தார். போனவர் ஊரோடு இருந்துவிடவில்லை. உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு திரும்பினார், நூல்கள் ஸ்ரீவிஜயத்தில் கிடந்தன என்பதால். 695இல்தான் நிலையாகத் தாயகம் திரும்பினார். இந்தியா போக விரும்பும் சீனத் துறவி முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு பயில வேண்டும் என்று அவர் எழுதியது, பட்டு அறிந்த மூத்த மாணவர் இளையவருக்குத் தரும் அறிவுரை.

அவருடைய இன்னொரு நூல், தம் காலத்தில் மேற்கே போன ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாறு. கொரியரும் அதில் உண்டு. பலர் நோயில் இறந்தார்கள். மற்ற நாட்டார்க்கு இங்கே விகாரைகள் இருக்க, சீனர்க்கு இல்லையே என்று அந்நூலில் வருந்துகிறார். ஸ்ரீகுப்தன் என்ற அரசன் முன்னாளில் சீனத் துறவிகளுக்கென ஒரு விகாரை கட்டி 24 ஊர்களை அளித்தான் என்ற செய்தியையும், தம் காலத்தில் செங்கல் அடித்தளமே எஞ்சியிருந்ததையும் சேர்த்தே பதிகிறார். என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது, மற்றவற்றைச் சுருக்குகிறேன். இலங்கைத் துறவிகளுக்குத் தங்க இடமில்லை என்றுதான் இலங்கை அரசன் மேகவர்ணன் சமுத்திரகுப்தனின் இசைவோடு புத்தகயையில் விகாரை கட்டினான். சுவர்ணத்தீவின் பாலபுத்திரன் நாளந்தாவில் எழுப்பிய விகாரைக்குத் தேவபாலன் ஐந்து ஊர்களை அளித்த செப்பேடு இருக்கிறது. 838இல் ஜப்பானிலிருந்து சீனம் சென்ற என்னின் என்ற துறவி தியன்தாய் மலைக்கு அனுமதி கிடைக்காமல் அலைந்ததும் இதே கதையின் மறுபக்கம்.

இனிச் செய்ய வேண்டியவை. வூசிங் என்ற துறவி கடாரத்திலிருந்து 30 நாளில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை சேர்ந்ததாக இத்சிங் எழுதுகிறார். 7ஆம் நூற்றாண்டு நாகப்பட்டினத்தில் அயல்நாட்டுத் துறவிக்கு யார் இடம் தந்தார்கள் என்பது ஓர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி. ஆனைமங்கலச் செப்பேட்டை வணிக உறவுக்காக மட்டும் படிப்பதை நிறுத்தி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையில் தங்கியவர்கள் யார் என்று கேட்டுப் படிக்க வேண்டும். இத்சிங்கின் இரு நூல்களும் சீன மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வர வேண்டும். சீனம் கற்க முன்வரும் மாணவர் ஒருவருக்கேனும் இந்த அறக்கட்டளை உதவித்தொகை வழங்க வேண்டுமென்று அதன் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.