சாலை நீண்டால் நெரிசல் நீங்குமா?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மும்பையில் வாழும் நமக்கு, வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையே கழியும் பொழுது வாழ்நாளில் ஒரு பெரும் பங்காகும். ஆகவே, ஈஸ்டர்ன் பிரீவேயைத் தாணே வரை நீட்டினால் நெரிசல் தீருமா என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களுக்கும் உரியதே.

2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்ட இச்சாலை 2014-இல் முழுமை பெற்றது. நீளம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதிக்குக் காரில் செல்வோரின் பயண நேரத்தை இது பெரிதும் குறைத்தது. இந்நன்மையை மறுப்பது நேர்மையன்று. இச்சாலையை, திருச்செம்பூர் முருகன் கோயில் விளங்கும் சேடா நகரிலிருந்து தாணேயின் ஆனந்த் நகர் வரை, சுமார் 13 கிலோமீட்டர், தூண்களின்மேல் நீட்டுவதே திட்டம்.

இங்கே நாம் மூன்று செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, குடத்தை எவ்வளவு பெரிதாக வனைந்தாலும் அதன் கழுத்தளவே நீர் வெளிவரும். விரைந்து வரும் வண்டிகள் யாவும் தெற்கே பி. டிமெல்லோ சாலையில் இறங்கித் தேங்குகின்றன. அதற்குப் பரிகாரமாக ஆரஞ்சு கேட்டிலிருந்து மரீன் டிரைவ் வரை சுரங்கச் சாலை தேவைப்பட்டது. ஒரு சாலை மற்றொரு சாலையைக் கேட்கிறது!

இரண்டாவது, இடம் கண்டால் வண்டிகள் பெருகும். 1962-இலேயே அந்தோணி டவுன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை எடுத்துரைத்தார். டுராண்டன், டர்னர் என்போர் 2011-இல் வெளியிட்ட ஆய்வும், அமெரிக்க நகரங்களில் சாலை பெருகிய அளவிற்கே வண்டியோட்டமும் பெருகியதைக் காட்டியது. காரணம் எளிது. நெரிசலுக்கு அஞ்சி விடியலில் புறப்பட்டவர் வழக்கமான நேரத்திற்குத் திரும்புவார். ரயிலில் சென்றவர் கார் வாங்குவார். வாடகை குறைந்த இடம் தேடித் தொலைவில் குடியேறுவோரும் மிகுவர். சில ஆண்டுகளில் பழைய நெரிசலே புதிய பாலத்தின் மேல் ஏறி நிற்கும்.

மூன்றாவது, பயன் யாருக்கு? காருக்கு ஒருவரோ இருவரோ செல்ல, மூன்று தடங்கள் ஒரு மணி நேரத்தில் சுமப்பது ஏறத்தாழப் பதினாயிரம் பேரை. நெரிசல் வேளையில் பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில்கள் இரண்டு மூன்றே அத்தனை பேரையும் சுமந்துவிடுகின்றன! பிரீவேயில் இருசக்கர வண்டிகளுக்கும் இடமில்லை. முலுண்டிலும் பாண்டுப்பிலும் ரயில் படியில் தொங்கிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அப்பாலம் தலைக்கு மேல் தோன்றும் நிழலே அன்றி வேறென்ன?

சாலையே வேண்டா என்பது நம் கருத்தன்று. நீட்டுவதனால் சிலர்க்குச் சில காலம் பயணம் எளிதாகும். வட்டாரத்தின் நெரிசல் அதனால் மட்டும் தீராது. நீட்டப்படும் பாலத்தில் பேருந்துகளுக்குத் தனித்தடம் வேண்டும். வடாலாவிலிருந்து காட்கோபர் வழியே தாணேக்குச் செல்லும் மெட்ரோ நான்காம் தடத்தின் நிலையங்களுக்கு நடைபாதையும் சிற்றுந்தும் வேண்டும். மின்சார ரயில்கள் மேலும் கூட வேண்டும்.

இவற்றைக் கேட்பது நம் கடமை. வண்டிகளை எவ்வளவு விரைவாக ஓட்டினோம் என்பதன்று, எத்தனை பேரை மாலையில் மக்களோடு உண்ண வீடு சேர்த்தோம் என்பதே ஒரு நகரத்தின் பெருமை.