மயக்க மருந்தில் எது நல்லது?





நுரையீரல் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பத்தார், பணத்துக்கு அடுத்தபடி கேட்பது ஒன்றுதான்: "வாப்பா மயக்க மருந்தைத் தாங்குவாரா? நல்ல மருந்தாகப் போடச் சொல்லக் கூடாதா?" நியாயமான பயம்தான்.

நமக்குப் பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி.யில் 1949இலேயே டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்த ஆபரேஷன் நம் பகுதிக்குப் புதிதல்ல.

ஆபரேஷன் நடக்கும் பக்கத்து நுரையீரலை டாக்டர்கள் காற்றில்லாமல் சுருக்கி வைப்பார்கள். மற்றொன்று மட்டும் சுவாசிக்கும். அப்போது சும்மா இருக்கும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தாமாகவே இறுகி, ரத்தத்தை வேலை செய்யும் பக்கம் திருப்பிவிடும். அல்லாஹ் உடலில் வைத்த ஏற்பாடு இது.

மயக்கம் நீடிக்க இரண்டு வழிகள் உண்டு. செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் போன்றவற்றைச் சுவாசத்தில் கலந்து கொடுப்பார்கள். பால் போல் வெள்ளையான புரோபோஃபாலை நரம்பில் ஏற்றுவார்கள். சுவாச மருந்து அந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும். ஆனால் நுரையீரல் அழற்சியைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. சுவிட்சர்லாந்தில் 460 நோயாளிகளிடம் டெஸ்ஃப்ளூரேனையும் புரோபோஃபாலையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெரிய சிக்கல்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே மருந்தின் பெயரை மயக்க டாக்டரிடம் விட்டுவிடுவோம். நம் கையில் இருப்பது உண்மை. மகன் பக்கத்தில் நிற்கிறான் என்று பீடிப் பழக்கத்தை மறைக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். மறைக்காதீர்கள்; நான்கு வாரம் முன்பே பீடியை விடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், நாட்டு மருந்து, அலர்ஜி எல்லாவற்றையும் சொல்லுங்கள். முன்பு மயக்கம் தெளிந்தபின் கடும் வாந்தி இருந்ததா? சொன்னால் புரோபோஃபாலைத் தேர்ந்தெடுக்கலாம். ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்ததா? அப்படியானால் சுவாச மருந்தையே தவிர்ப்பார்கள். இந்த ஒரு தகவல் உயிரைக் காக்கும்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னால், ஒரு வாய் டீதானே என்று குடிக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நோன்பை யாரும் பார்க்காத இடத்திலும் பேணுகிறோமே, அப்படிப் பேணுங்கள்.

தனியாகப் போகத் தயங்குபவர்கள் ரிப்போர்ட்டுகளுடன் டிரஸ்டுக்கு வாருங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சேர்ந்து எழுதித் தருகிறோம். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.