அணியமும் அமரமும்



பொன்விழா மேடையில் கப்பல் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் வாயில் புழங்கிய கடல் சொற்கள் நம் வீடுகளில் இன்று காதில் விழுவதில்லை. அதற்காகத்தான்.

கப்பலின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். பாய்மரக் காலத்தில் சுக்கான் பிடித்தவர் நின்றது அமரத்தில். சுக்கான் அரபுச் சொல். மாலுமியும் முஅல்லிமிலிருந்து வந்ததே. ஓதிக்கொடுப்பவருக்கும் கடலில் வழி சொல்பவருக்கும் ஒரே பெயர்! மலாய்க்காரர்கள் அதை மாலிம் என்றார்கள். நம்முடைய கப்பலையும் காப்பால் என்று எடுத்துக்கொண்டார்கள். அணியம் அவர்களுக்கு ஹாலுவான். அதற்குப் போகும் திசை என்றும் பொருள் உண்டு.

இடம், வலம் என்றால் போதாதா? போதாது. ஆள் திரும்பி நின்றால் கை மாறிவிடும். ஆங்கிலேயரின் ஸ்டார்போர்ட், யார் எப்படி நின்றாலும் கப்பலின் வலப்பக்கம்தான். பண்டு திருப்பும் துடுப்பை அந்தப் பக்கம் கட்டியதால் வந்த பெயர். இடப்பக்கத்தை லார்போர்ட் என்றார்கள். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டன. காது தவறினால் கப்பலும் தவறும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்ட்டை விலக்கி, போர்ட் என்று சொல்ல உத்தரவிட்டது.

இனி நம் தொழுகைக்கு வருவோம். 1926இல் கட்டிய ரஜூலா, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து வரும். கிப்லாவோ மேற்கே, சற்று வடக்கே. ஆகவே மேல்தளத்தில் பாய் விரித்தவர்கள் அமரத்தை நோக்கித் தொழ வேண்டும். ஊர் திரும்பும்போது அணியத்தை நோக்கி. பினாங்கு தாண்டிச் சிங்கப்பூருக்குத் தென்கிழக்கே திரும்பியதும் கணக்கு மாறும். அமரத்தைப் பார்த்து நிற்பவர் இடக்கைப் பக்கம் சற்றுத் திரும்ப வேண்டும். அவருக்கு இடக்கை, கப்பலுக்கு அது வலப்பக்கம்! தொழும்போதே கப்பல் திரும்பினால், தொழுபவரும் இயன்றவரை கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கைப்பேசி காட்டும் அம்புக்குறி அன்று ஏது?

அணியமும் அமரமும் அகராதியில் கிடைக்கும். மேல்தளத்தில் அடுத்தவரிடம் "இந்தப் பக்கம் பாயைப் போடுங்கள்" என்று காட்டிய பெரியவர், அந்தப் பக்கத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்? அப்படி வந்தவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இன்றிரவே கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.