நிலப்படத்தில் விரியும் தேவாரம்



தேவாரம் அருளிய மூவரும் ஊர் ஊராகச் சென்றார்கள். ஆங்காங்கே கோயில் கொண்ட பெருமானைக் கண்ணாரக் கண்டு பாடினார்கள். ஆதலின், தேவாரத்தில் பாட்டும் பண்ணும் தலமும் ஒன்றையொன்று பிரியாதவை. அச்சிட்ட நூலிலோ பாட்டு மட்டுமே கிடைக்கும். பண்ணை ஓதுவார்பால் கேட்கவேண்டும். தலத்தை நாடிச் சென்று காணவேண்டும்.

இம்மூன்றையும் கணினித் திரையில் கூட்டிவைக்கும் நற்பணி புதுச்சேரியில் நிகழ்ந்தது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாக 2007ஆம் ஆண்டில் தேவாரம் மின்வடிவில் குறுந்தகடாக வெளிவந்தது. பின்னர் இணையத்திலும் இடம் பெற்றது. மூலப் பாடல்களும், வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும், இசை ஒலிப்பதிவும், தலங்களைக் காட்டும் நிலப்படங்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

தொன்றுதொட்டு எண்ணிவரும் பாடல் பெற்ற தலங்கள் 274. அவற்றுள் சோழ நாட்டில் மட்டும் 190. காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127. எண்ணளவில் கேட்டால் இது நெஞ்சில் பதிவதில்லை. நிலப்படத்தில் காணும்போதோ, காவிரிக் கரை நெடுகிலும் நெல்மணி தூவினாற்போல் தலங்கள் செறிந்திருப்பதும், தெற்கே ஈழத்துத் திருக்கோணமலையும் வடக்கே இமயத்துத் திருக்கேதாரமும் நெடுந்தொலைவில் விளங்குவதும் ஒரே பார்வையில் புலனாகும். ஆறு பாய்ந்த வழியில் ஊர் எழுந்தது. ஊர் எழுந்த இடத்தில் கோயில் எழுந்தது. கோயிலைத் தேடிப் பாட்டு வந்தது. இவ்வுண்மையை நிலப்படம் கண்முன் நிறுத்துகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தில்லையில் அடைபட்டிருந்த ஏடுகளுள் கறையான் அரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது திருமுறை கண்ட வரலாறு. அங்ஙனம் ஏட்டில் இல்லாது போன சம்பந்தர் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிடைவாய்க் கோயிலின் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஏடு காவாததைக் கல் காத்தது! அக்கல்லை எவரேனும் பெயர்த்தெறிந்திருந்தால், எந்தக் கணினி அதனை மீட்டுத் தந்திருக்கும்?

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் புண்ணியவான்கள் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும். சுவரைப் புதுப்பிக்குமுன் அதிலுள்ள எழுத்தைப் படியெடுக்கச் செய்க. மணல் வீச்சால் கல்லைத் தேய்க்கவும், பழைய ஓவியத்தின்மேல் சுண்ணம் பூசவும் இடங்கொடாதீர். கல்லும் ஏடும் நிலைத்தால்தான் திரையும் ஒளிரும். குடமுழுக்கின் புனிதநீர் விமானத்தைக் குளிர்விக்கும் இந்நன்னாளில், சுவரெழுத்தைக் காப்பதும் சிவத்தொண்டே என உறுதி கொள்வோமாக. திருவருள் துணை நிற்க!